அடைத்த பல்லின் ஓரத்தில்

"சார், கொஞ்சம் இதைப் பாருங்க" என்று பல் டாக்டர் என் கையில் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்தார். கீழ்த்தாடையில் இடப்பக்கக் கடைவாய்ப்பல். மூன்று வருடத்துக்கு முன்னால் வேறோர் ஊரில், வேறொரு கிளினிக்கில், பல் நிறத்திலேயே அடைத்தது. அடைப்பு பளிச்சென்று இருந்தது. உடையவில்லை, தேயவில்லை. ஒரு பக்க ஓரத்தில் மட்டும் காபி டம்ளரின் விளிம்பில் படியும் கறையைப் போல மெல்லிய பழுப்புக் கோடு. சூடாக எதைக் குடித்தாலும் அந்த இடத்தில் சுரீரென்றது. இரண்டு வாரமாக இரவிலும் வலி.

டாக்டர் அடைப்பைக் கடைந்து எடுத்தார். கல்லாக இருந்த அந்த வெள்ளைத் துண்டுக்கு அடியில், நனைந்த பனைவெல்லம் போலப் பல் குழைந்து கிடந்தது. "அடைச்ச பொருள் நல்லாத்தான் இருக்கு சார். ஒட்டினதுதான் விட்டுப்போச்சு" என்றார்.

அதுவரை பல்லை அடைப்பது என்றால் குழியில் எதையோ வைத்து மூடுவது என்றுதான் நினைத்திருந்தேன். நல்ல பொருள், விலை உயர்ந்த பொருள் என்றால் நிறைய நாள் வரும் என்று நம்பியிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு தேடிப் படித்ததும், பல் மருத்துவர்களிடம் உட்கார்ந்து கேட்டதும் வேறொன்றைச் சொல்லின. அடைப்பின் ஆயுள் அதன் நடுவில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது. அந்த ஓரத்தின் தலையெழுத்து, அடைப்புப் பொருளை வைப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று நிமிடங்களில் முடிவாகிவிடுகிறது. அந்த நிமிடங்களில் நடப்பதைத்தான் பல் மருத்துவர்கள் 'பாண்டிங்' என்கிறார்கள்.

ஐஸில் வைத்த பல்

அடைத்த பல்லின் ஓரம் கசியும் என்பதைக் கண்ணால் பார்க்கும்படி அமெரிக்காவில் காட்டினார்கள். 1952-ல் நெல்சன், உல்காட், பாஃபென்பார்கர் என்ற மூவர், பிடுங்கிய பற்களில் அடைப்பு வைத்து, அவற்றைக் குளிர்ந்த நீரில் இட்டு எடுத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டு மெல்லச் சூடாக விட்டார்கள். அடைப்பைச் சுற்றியுள்ள கோட்டிலிருந்து பொட்டுப் பொட்டாக நீர் வெளியே வந்தது. குளிரும்போது அடைப்பு சுருங்கி, ஓரத்தில் சந்து உண்டாகி நீரை உறிஞ்சுகிறது. சூடாகும்போது விரிந்து அதை வெளியே தள்ளுகிறது. ஒவ்வொரு முறையும் பல் ஒரு மூச்சு விடுவது போலத்தான்.

நம் வாய் ஒரு நாளில் எத்தனை தட்பவெப்பத்தைப் பார்க்கிறது! காலையில் ஆவி பறக்கும் ஃபில்டர் காபி, மதியம் சுடச்சுடச் சோறு, மதுரைக்காரராக இருந்தால் மாலையில் ஒரு ஜிகர்தண்டா. அன்று முன்பற்களில் வைத்த அக்ரிலிக் அடைப்பு, பல்லின் எனாமலை விட ஏழெட்டு மடங்கு அதிகமாக விரிந்து சுருங்கியது. வெள்ளி நிறத்தில் இருக்கும் பாதரசக் கலவையான அமால்கம் இரண்டு மடங்கு. எந்தப் பொருளும் பல்லோடு ஒரே தாளத்தில் விரிந்து சுருங்கவில்லை.

கிருமிக்கு இந்தச் சந்து எவ்வளவு அகலம் வேண்டும்? பற்சொத்தையின் முக்கியக் குற்றவாளியான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் ஒரு மைக்ரானைக் கூடத் தொடாத உருண்டை. அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை வரிசையில் நிற்கலாம். பல் மருத்துவரின் கூர்மையான கொக்கி நுனிக்குத் தட்டுப்படாத, எக்ஸ்ரேயில் தெரியாத ஒரு பிளவு அதற்குத் தேரோடும் வீதி. அதனால்தான் இதற்கு 'மைக்ரோலீக்கேஜ்' என்று பெயர் வைத்தார்கள், நுண்கசிவு. உள்ளே போவது கிருமி மட்டுமல்ல. எச்சில், அமிலம், சர்க்கரை கரைந்த நீர் எல்லாமும் போகும்.

அமால்கம் இந்தச் சிக்கலை ஒரு விதத்தில் தானே தீர்த்துக்கொண்டது. அது பல்லில் ஒட்டாது. குழியை உள்ளே அகலமாகவும் வாயில் குறுகலாகவும் வெட்டி, அதில் பொருத்தி நிற்க வைப்பார்கள். புதிதில் ஓரம் கசியும். மாதங்கள் போகப் போக அமால்கம் துருவேறி, அந்தத் துருவே ஓரத்தை அடைத்துவிடும். பாட்டி காலத்து வெள்ளி அடைப்பு முப்பது வருடம் நின்றது என்று வீட்டில் யாராவது சொன்னால் அதில் ஆச்சரியமில்லை. பாதரசத்தின் மீதான கவலையாலும், வாயைத் திறந்தால் கறுப்பாகத் தெரியக்கூடாது என்ற நம் ஆசையாலும் அமால்கம் இப்போது ஒதுங்கிக்கொண்டிருக்கிறது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் வெள்ளைக் காம்போசிட்டுக்குத் துரு பிடிக்காது. தன் ஓரத்தைத் தானே மூடிக்கொள்ளத் தெரியாது. மாறாக, நீல ஒளி பட்டு இறுகும்போது கன அளவில் இரண்டு மூன்று சதவீதம் சுருங்குகிறது. சுருங்கும் பொருள் சுவரை விட்டு விலகத்தான் பார்க்கும். அதைச் சுவரோடு பிடித்து வைப்பதற்கு இருப்பது ஒட்டுப்பசை ஒன்றுதான்.

கொத்திய சுவரில்தான் பூச்சு நிற்கும்

பழைய சுவருக்கு மறுபூச்சு பூசும் மேஸ்திரியைப் பார்த்திருப்பீர்கள். வழவழப்பான சுவரில் கலவையை அப்படியே அப்ப மாட்டார். கொத்திவிட்டு, தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் பூசுவார். பல் மருத்துவத்தில் இதைச் செய்து காட்டியவர் மைக்கேல் புவனகோர். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் ஈஸ்ட்மன் பல் மருத்துவ நிலையத்தில் ஆராய்ந்தவர். தொழிற்சாலைகளில் உலோகத் தகட்டுக்கு வண்ணம் பூசும் முன் பாஸ்பாரிக் அமிலத்தால் கழுவுகிறார்கள், அதனால் வண்ணம் உரியாமல் நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். பல்லின் எனாமலுக்கும் அதையே செய்தால் என்ன? 85 சதவீத அமிலத்தை முப்பது நொடி வைத்துக் கழுவினார். அதன்மேல் வைத்த அக்ரிலிக் துளி, அமிலம் படாத பல்லில் வைத்ததைக் காட்டிலும் மிகப் பல மடங்கு நேரம் ஒட்டி நின்றது. 1955-ல் அவர் எழுதிய அந்தச் சிறு கட்டுரையிலிருந்துதான் இன்றைய ஒட்டுமுறைப் பல் மருத்துவம் முழுவதும் கிளைத்தது. பல்லில் கம்பி கட்டும்போது ஒட்டும் பிராக்கெட், குழந்தைகளின் கடைவாய்ப்பல் பள்ளத்தில் பூசும் சீலன்ட், உடைந்த முன்பல்லைக் கட்டி எழுப்புவது எல்லாமே அதன் பிள்ளைகள்.

எனாமல் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் கனிமம். நம் உடம்பிலேயே கடினமான பொருள், காய்ந்தது, ஒழுங்காக அடுக்கியது. அமிலம் பட்டதும் அதன் மேற்பரப்பு தேன்கூடு போலக் குழிகுழியாகிறது. அந்தக் குழிகளில் பிசின் ஓடி இறுகினால் ஆயிரமாயிரம் ஆணிகள் அடித்தது போல். இன்று 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை நீல நிற ஜெல்லாகப் பதினைந்து முதல் முப்பது நொடி வைக்கிறார்கள். கழுவிக் காற்றடித்தால் பளபளப்புப் போய் எனாமல் சுண்ணாம்பு போல வெளுத்துத் தெரியும். அந்த வெளுப்பைப் பார்த்துவிட்டால் மருத்துவருக்கு நிம்மதி. எனாமலில் செய்யும் ஒட்டு இன்றும் நம்பத்தகுந்த ஒட்டு. கசிவு அங்கே மிகக் குறைவு.

சங்கடமெல்லாம் எனாமலுக்குக் கீழே இருக்கும் டென்டினில்தான்.

பாகுப் பதம்

டென்டின் உயிருள்ள, ஈரமான திசு. எடையில் எழுபது சதவீதம்தான் கனிமம். மீதி கொலாஜன் என்ற புரத இழைகளும் நீரும். அதற்குள் பல்கூழை நோக்கிக் கண்ணுக்குத் தெரியாத குழாய்கள் ஓடுகின்றன. எனாமலை ஒட்டிய பகுதியில் ஒரு சதுர மில்லிமீட்டரில் சுமார் 20,000 குழாய்கள். பல்கூழை நெருங்க நெருங்க அது 45,000 வரை நெருக்கமாகிறது, குழாயும் அகலமாகிறது. ஒவ்வொன்றிலும் நீர் நிறைந்திருக்கிறது. சொத்தை ஆழமாக இருந்தால், டாக்டர் ஒட்டுப்பசை பூச வேண்டிய இடம் ஊற்றுக் கசியும் கிணற்றுச் சுவர் மாதிரி. போதாக்குறைக்கு, கடைந்த இடத்தில் அரைபட்ட மாவு ஒன்று பூசினாற்போல ஒட்டியிருக்கும். அதை 'ஸ்மியர் லேயர்' என்பார்கள். அதன்மேல் ஒட்டினால் மணல்மேல் பூசிய சுண்ணாம்பு.

டென்டினில் அமிலம் வைத்தால் பல்கூழ் செத்துவிடும் என்று மேற்கில் பல ஆண்டுகள் பயந்தார்கள். ஜப்பானில் தகாவோ ஃபுசயாமா அந்தப் பயத்தை ஒதுக்கிவிட்டு, 1979-ல் எனாமலையும் டென்டினையும் சேர்த்தே அமிலத்தால் கழுவி ஒட்டும் முறையை வெளியிட்டார். சுவீடனில் மார்ட்டின் ப்ரென்ஸ்ட்ரம் குழுவினர் இன்னொரு பக்கத்திலிருந்து அந்தப் பயத்தைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள்: பல்கூழைக் கெடுப்பதில் பெரும்பங்கு ஓரத்தில் நுழையும் கிருமிகளுடையது, அடைப்புப் பொருளை மட்டும் பழி சொல்லிப் பயனில்லை என்று காட்டினார்கள். 1982-ல் நோபுவோ நகபயாஷி, டென்டினில் ஒட்டு எப்படி நிற்கிறது என்பதற்கு விடை சொன்னார். அமிலம் கனிமத்தைக் கரைத்ததும் கொலாஜன் இழைகள் ஒரு வலை போல வெளிப்பட்டு நிற்கின்றன. பிசின் அந்த வலைக்குள் புகுந்து இறுகும்போது, பாதி பல், பாதி பிசின் என்று ஒரு புதிய படலம் உருவாகிறது. சில மைக்ரான் கனம்தான். அதை 'ஹைப்ரிட் லேயர்' என்றார்கள். வெள்ளை அடைப்பு மொத்தமும் தொங்குவது அந்த ஒரு மெல்லிய கலப்புப் படலத்தில்.

மருத்துவரின் கை முக்கியமாவது இங்கேதான். அமிலத்தைக் கழுவியதும் அந்தக் கொலாஜன் வலை நீரில் மிதந்தபடி நிமிர்ந்து நிற்கிறது. பழக்கதோஷத்தில், எனாமலுக்குச் செய்வது போலவே காற்றை ஓங்கி அடித்துக் காயவிட்டால், நீரில்லாத அல்லித்தண்டு போல வலை சரிந்து படிந்துவிடும். பிசினுக்கு உள்ளே போக வழி இருக்காது. அடியில் பிசின் போகாத ஒரு வெற்று அடுக்கு மிஞ்சும். அன்று மாலையே நோயாளி "கடிச்சா சுருக்குங்குது" என்று போன் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். சரி, ஈரமாகவே விட்டுவிடலாம் என்றால், நீர் தேங்கிய இடத்தில் பிசின் நீர்த்துப்போகும், சரியாக இறுகாது. 1990-களின் தொடக்கத்தில் ஜான் கான்கா என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 'ஈர ஒட்டு' என்ற முறையை முன்வைத்தார். தேங்கும் நீர் கூடாது, வறட்சியும் கூடாது, மேற்பரப்பு லேசாக மினுங்க வேண்டும்.

லேசாக மினுங்குவது என்றால் எவ்வளவு? அதற்கு அளவுகோல் கிடையாது. அல்வாக் கிண்டுகிறவருக்குப் பாகுப் பதம் எப்படித் தெரியுமோ அப்படித்தான். ஒரே கம்பெனியின் ஒரே பாட்டிலை வைத்து, ஒரே மாதிரிப் பற்களில் இரண்டு பேர் ஒட்டினால் கசிவு வேறு வேறாக வருவதற்கு இந்தப் பதம்தான் பெரிய காரணம். பல் மருத்துவர்கள் இதை 'டெக்னிக் சென்சிட்டிவ்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. பணம் கொடுத்து நாற்காலியில் சாயும் எவருக்கும் தெரியாத, தெரிந்தாலும் பார்க்க முடியாத ஒரு கைப்பக்குவத்தில் நம் பல் நிற்கிறது என்பது சாதாரண விஷயமில்லை.

இந்தப் பதத்தின் தொல்லையைக் குறைக்கத்தான் தனியாக அமிலம் வைத்துக் கழுவ வேண்டாத, தானே அரித்துத் தானே ஒட்டும் பசைகள் வந்தன. அவற்றில் மிகவும் பேர் வாங்கியது ஜப்பானின் குராரே நிறுவனம் 1981-ல் உருவாக்கிய எம்டிபி என்ற மூலக்கூறு. அது பல்லை மென்மையாக அரித்துவிட்டு, அங்கேயே மீந்திருக்கும் கால்சியத்தோடு வேதிப்பிணைப்பில் சேர்ந்துகொள்கிறது. அந்த உப்பு நீரில் எளிதில் கரைவதில்லை. கழுவுவதும் காயவைப்பதும் இல்லாததால் டென்டின் வலை சரியும் ஆபத்தும் இல்லை. ஆனால் மென்மையான அரிப்பு டென்டினுக்குப் போதும், கடினமான எனாமலுக்குப் போதாது. சில வருடங்களில் எனாமல் ஓரத்தில் பழுப்புக் கோடு விழும். அதனால் இப்போது கைதேர்ந்தவர்கள் இரண்டையும் கலக்கிறார்கள். குழியின் எனாமல் விளிம்பில் மட்டும் நீல ஜெல்லைக் கோலம் போடுவது போல இழுத்து, கழுவிவிட்டு, பிறகு உள்ளே எம்டிபி உள்ள பசையைத் தேய்க்கிறார்கள். என் கணிப்பில் இன்றைக்கு ஓரக்கசிவைக் குறைக்க இருக்கும் நியாயமான வழிகளில் இது முதலாவது. விளிம்பில் மட்டும் அமிலம் வைக்க ஒரு நிமிடம் கூட ஆகாது.

நொடிகளின் கணக்கு

பசையைத் தேய்ப்பதிலும் கணக்கு இருக்கிறது. மைக்ரோபிரஷ் என்ற குச்சியால் தொட்டு வைத்துவிட்டு நகர்ந்தால் பிசின் மேலேயே நின்றுவிடும். ஏறக்குறைய இருபது நொடி, அழுத்தித் தேய்க்க வேண்டும். பல பசைகளில் அசிட்டோனோ எத்தனாலோ கரைப்பானாக இருக்கும். அது நீரைத் துரத்திக்கொண்டு தானும் ஆவியாகிப் போக வேண்டும். அதற்கு மெல்லிய காற்று, பசையின் அலை அடங்கும்வரை. பொறுமையில்லாமல் ஈரத்தோடு விளக்கைக் காட்டினால் கரைப்பான் உள்ளேயே சிக்கிக்கொண்டு நுண்குமிழ்களாகும். பிறகு பத்து இருபது நொடி நீல ஒளி. விளக்கின் நுனி தள்ளிப் போகப் போக ஒளியின் வலு குறையும். இரண்டு பற்களுக்கு நடுவே ஈறு வரை இறங்கும் சொத்தையில் குழியின் அடித்தரை விளக்கிலிருந்து ஆறேழு மில்லிமீட்டர் கீழே இருக்கும். அங்கே ஒளியை மேலே காட்டுகிற அதே நேரத்துக்குக் காட்டினால் போதாது.

அந்த அடித்தரைதான் கசிவின் தலைவாசல். அங்கே எனாமல் மெலிந்து போயிருக்கும், அல்லது இல்லவே இருக்காது. ஒளி குறைவு, ஈறிலிருந்து ரத்தமும் நீரும் கசியும், கை எட்டாது, கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. மேல் விளிம்பில் துளி கசியாத அடைப்பு கூட அந்தக் கீழ் விளிம்பில் கசிந்துவிடுகிறது. ஆய்வகங்களில் வெட்டிப் பார்த்த பற்களில் இது திரும்பத் திரும்ப வருகிறது.

எச்சில் பற்றி ஒரு வார்த்தை. பசை வைத்த இடத்தில் எச்சில் பட்டால் அதன் புரதங்கள் ஒரு படலமாகப் படிந்துவிடும். பட்டது தெரிந்தால் கழுவி மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அமெரிக்காவில் சான்ஃபோர்ட் பார்னம் 1864-லேயே இதற்கு வழி கண்டுபிடித்துவிட்டார்: ஒரு ரப்பர் துணியில் ஓட்டை போட்டு, அதன் வழியே பல்லை மட்டும் வெளியே இழுத்து நிறுத்துவது. ரப்பர் டேம் என்று பெயர். நூற்றி அறுபது வருடம் ஆன பிறகும் நம் ஊரில் சாதாரண அடைப்புக்கு அதை மாட்டும் கிளினிக்குகள் எத்தனை? பஞ்சு உருளையை வைத்து, எச்சில் உறிஞ்சும் குழாயைக் கன்னத்தில் மாட்டிக்கொண்டு வேலை நடக்கிறது. மருத்துவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காலை ஒன்பது மணிக்கு நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தனியார் கிளினிக்கில் நாமும்தான் "சீக்கிரம் முடிச்சுடுங்க டாக்டர், ஆபீஸ் போகணும்" என்கிறோம், அடைப்புக்கு இவ்வளவா என்று பேரம் பேசுகிறோம். நாம் குறைக்கும் அந்த ரூபாய் எங்கிருந்து கழிகிறது என்றால், இந்த நொடிகளிலிருந்துதான்.

சுருக்கத்தையும் சமாளிக்க வேண்டும். 1987-ல் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஃபெய்ல்சர், டி கீ, டேவிட்சன் ஆகியோர் ஒரு எளிய கணக்குச் சொன்னார்கள். அடைப்பு எத்தனை சுவர்களில் ஒட்டியிருக்கிறதோ அதை, ஒட்டாமல் திறந்திருக்கும் முகங்களால் வகுங்கள். எண் கூடக் கூட இழுவிசை கூடும். கடைவாய்ப்பல்லின் மேல் விழும் பெட்டி போன்ற குழியில் நான்கு சுவரும் ஒரு தரையும் ஒட்டியிருக்க, திறந்திருப்பது மேல்முகம் ஒன்றுதான்: ஐந்துக்கு ஒன்று. ஒரே தடவையில் குழி முழுக்கக் காம்போசிட்டை அழுத்தி விளக்கடித்தால், அது எல்லாச் சுவரையும் ஒரே நேரத்தில் உள்ளே இழுக்கும். எந்தச் சுவரில் ஒட்டு பலவீனமோ அங்கே விட்டுக்கொடுக்கும். அதனால்தான் இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு மிகாமல், எதிர் எதிர்ச் சுவர்களை ஒரே நேரத்தில் தொடாதபடி சாய்வாக அடுக்கடுக்காக வைக்கிறார்கள். நான்கு மில்லிமீட்டர் வரை ஒரே தடவையில் வைக்கத்தக்க பொருள்களும் இப்போது வந்துவிட்டன.

கிராம்பும் தர்மபுரித் தண்ணீரும்

பல்வலி வந்தால் நாம் முதலில் தேடுவது கிராம்பு எண்ணெயை. பஞ்சில் நனைத்துச் சொத்தையில் வைத்தால் வலி அடங்கும், உண்மை. அதற்குக் காரணமான யூஜினால்தான் காம்போசிட்டுக்கு எதிரி. பிசின் இறுகுவது ஒரு சங்கிலி வினை. யூஜினால் அந்தச் சங்கிலியை நடுவில் அறுத்துவிடும். தற்காலிக அடைப்பாக வைக்கும் துத்தநாக ஆக்சைடு சிமெண்டிலும் அதே கிராம்புச் சத்துதான் இருக்கிறது. டாக்டரிடம் போகும்போது "கிராம்பு எண்ணெய் வச்சிருந்தேன்" என்று சொல்லிவிடுவது நல்லது. அவர் அந்த மேற்பரப்பைச் சுத்தமாக எடுத்துவிட்டு ஒட்டுவார். பல்லை வெளுக்கவைக்கும் ப்ளீச்சிங் செய்தவர்களுக்கும் இதே மாதிரி ஒரு கெடு உண்டு. பெராக்சைடு விட்டுச் சென்ற ஆக்சிஜன் பல்லில் இருக்கும்வரை ஒட்டு சரியாக இறுகாது. ஒன்றிரண்டு வாரம் பொறுத்துத்தான் அடைப்பார்கள்.

இன்னொன்று தமிழ்நாட்டின் சொந்தப் பிரச்சினை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருப்பதே விரும்பத்தக்கது என்பது இந்தியத் தர அளவு. அதைப் பல மடங்கு தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஊர்கள் அங்கே உண்டு. பழுப்புக் கறை படிந்த பற்களோடு சிரிக்கக் கூச்சப்படும் பிள்ளைகளை அந்தப் பக்கம் போனவர்கள் மறக்க மாட்டார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் நடைமுறைக்கு வந்ததன் நோக்கமே அந்தத் தண்ணீரிலிருந்து மக்களை மீட்பதுதான். அதற்கு முன்பே பல் முளைத்தவர்களுக்கு அந்தக் கறை ஆயுள் முழுக்கத் துணை. அதை மறைக்க வருகிறவர்களுக்குப் பல்லின் முன்பக்கத்தில் காம்போசிட் ஒட்ட வேண்டியிருக்கிறது. ஃபுளோரைடு ஏறிய எனாமலின் மேலடுக்கு அமிலத்துக்கு எளிதில் மசியாது. வழக்கமான நொடிகள் வைத்தால் தேன்கூடு சரியாக விழாது, ஒட்டு நிற்காது. அங்கே வேலை பார்க்கும் டாக்டர்கள் மேலடுக்கை லேசாகத் தேய்த்து எடுத்துவிட்டோ, அமிலத்தைக் கூடுதல் நேரம் வைத்தோ ஒட்டுகிறார்கள். டப்பாவில் அச்சிட்ட நொடிக்கணக்கு எல்லா ஊர்ப் பல்லுக்கும் ஒத்துவராது.

நீலக்கோடு சொல்வதும் சொல்லாததும்

கசிவை எப்படி அளக்கிறார்கள்? பல் வரிசையைச் சீராக்குவதற்காகப் பிடுங்கிய, சொத்தையில்லாத முன்கடைவாய்ப் பற்களைச் சேர்க்கிறார்கள். ஒரே அளவில் குழி வெட்டி, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒவ்வொரு ஒட்டுமுறையில் அடைக்கிறார்கள். பிறகு 5 டிகிரித் தண்ணீரிலும் 55 டிகிரித் தண்ணீரிலும் மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான தடவை முக்குகிறார்கள். அடைப்பையும் அதைச் சுற்றி ஒரு மில்லிமீட்டரையும் விட்டுவிட்டு பல் முழுக்க நகப்பூச்சுப் பூசி, மெத்திலீன் ப்ளூ போன்ற சாயத்தில் ஊறவைத்து, மெல்லிய வைரத் தகட்டால் இரண்டாக வெட்டுகிறார்கள். ஓரத்திலிருந்து உள்ளே எவ்வளவு தூரம் நீலம் ஏறியிருக்கிறது என்று பூஜ்ஜியத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். தமிழகத்தின் பல் மருத்துவக் கல்லூரிகளில் முதுநிலை மாணவர்கள் இந்தச் சோதனையை வைத்து ஆய்வேடு எழுதுவது இன்றும் வழக்கம்.

சோதனைக்கும் எல்லை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. சாயத்தின் மூலக்கூறு கிருமியை விட எத்தனையோ மடங்கு சிறியது. சாயம் நுழைந்த இடத்திலெல்லாம் கிருமி நுழையும் என்று சொல்ல முடியாது. மேசை மேல் அதிகம் கசிந்த அடைப்பு வாயில் விரைவில் கெடும் என்று கணிக்கவும் முடிவதில்லை. இரண்டுக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது. லண்டனில் எட்வினா கிட் குழுவினர் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், அமால்கம் ஓரத்தில் 0.4 மில்லிமீட்டருக்குக் குறைந்த பிளவுகளுக்கு அடியில் டென்டினில் கிருமித் தொற்று கூடுதலாக இல்லை. அதைத் தாண்டிய அகலமான பிளவுகளுக்கு அடியில்தான் இருந்தது. ஓரத்தில் ஒரு கறைக்கோடு தெரிந்ததுமே அடைப்பு முழுவதையும் பெயர்த்து எடுக்கத் தேவையில்லை என்பது இதிலிருந்து வந்த நல்ல பாடம். ஒவ்வொரு முறை பெயர்க்கும்போதும் நல்ல பல்லும் கொஞ்சம் போகிறது, குழி பெரிதாகிறது. ஓரத்தை மட்டும் திறந்து செப்பனிட்டு மூடுவதே பல நேரங்களில் போதும். எனக்குக் கோடு இருந்தது, அதோடு வலியும் இருந்தது. வலியில்லாத வெறும் கோட்டைப் பார்த்து யாராவது முழு அடைப்பையும் மாற்றச் சொன்னால், ஏன் என்று ஒரு தடவை கேளுங்கள்.

ஒட்டிய அன்று நன்றாக இருந்த ஓரம் பிறகு விட்டுப்போவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சந்தே இல்லாத அடைப்பிலும், அந்தக் கலப்புப் படலத்தின் உள்ளேயே நூறு நானோமீட்டருக்கும் குறைந்த வழிகளில் நீர் ஊடுருவுவதை 1990-களில் ஹிதேஹிகோ சனோ குழுவினர் வெள்ளி நைட்ரேட்டைச் செலுத்திக் காட்டினார்கள். பிசின் சரியாகப் போய்ச் சேராத கொலாஜன் இழைகள் அந்த நீரில் நனைந்தபடி கிடக்கும். டென்டினுக்குள்ளேயே உறங்கிக் கிடக்கும் சில நொதிகளை அமிலம் எழுப்பிவிடுகிறது. அவை இந்த அம்மண இழைகளை மெல்ல மெல்லத் தின்கின்றன. வெளியிலிருந்து எந்தக் கிருமியும் வராமலே ஒட்டு உள்ளுக்குள் கரைகிறது. இந்த நொதிகளை அடக்க, அமிலத்தைக் கழுவியதும் குளோர்ஹெக்சிடின் பூசும் டாக்டர்கள் உண்டு. வாய் கொப்பளிக்கக் கொடுக்கும் அதே மருந்துதான். ஆனாலும் வேர் பார்த்தால், இருபது நொடி தேய்த்திருந்தால் இவ்வளவு இழை அம்மணமாக நின்றிருக்காது.

ஒட்டுவதற்குப் பதமே பார்க்க முடியாத இடங்களுக்கு வேறொரு பொருள் இருக்கிறது. லண்டனில் அரசு வேதியியல் ஆய்வகத்தில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் உருவாக்கி 1970-களின் தொடக்கத்தில் வெளியிட்ட கிளாஸ் அயனோமர். அது பல்லின் கால்சியத்தோடு நேரடியாகப் பிணையும், பல்லைப் போலவே விரிந்து சுருங்கும், ஃபுளோரைடும் கசியவிடும். 1980-களில் தான்சானியாவில் மின்சாரமில்லாத கிராமங்களில், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி இதை வைத்து அடைக்கும் முறை பிறந்தது. காம்போசிட்டின் பலமும் பளபளப்பும் இதற்கு வராது. ஆனால் எனாமல் இல்லாத அந்தக் கீழ்த்தரையில் இதை ஒரு அடுக்கு வைத்து, மேலே காம்போசிட்டை வைக்கும் 'சாண்ட்விச்' முறை, ஈரம் அடங்காத வாய்களுக்கு நல்ல துணை.

என் இடப்பக்கப் பல்லுக்கு ரூட் கெனால் தேவைப்பட்டது. பல்கூழ் வரை போய்விட்டிருந்தது. அதே மாதத்தில் வலப்பக்கம் ஒரு புதிய சொத்தையையும் அந்த டாக்டர் கண்டுபிடித்தார். ஒரு சனிக்கிழமை மதியம், கடைசி ஆளாக வரச் சொன்னார். பச்சை ரப்பர் துணியை மாட்டினார். முதலில் மூச்சு முட்டுவது போல இருந்தது, இரண்டு நிமிடத்தில் பழகிவிட்டது. விளிம்பில் நீல ஜெல், கழுவல், மெல்லிய காற்று. காற்றை நிறுத்திவிட்டுக் குனிந்து ஒரு கணம் பார்த்தார். திருப்தியில்லை போலும், நனைத்துப் பிழிந்த பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு பசைக்குச்சியை வாங்கித் தேய்க்க ஆரம்பித்தார். பக்கத்தில் நின்ற சிஸ்டர் தாழ்ந்த குரலில் எண்ணிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு, பதிமூன்று. வெளியே யாரோ மணியை அழுத்தினார்கள். டாக்டர் திரும்பவில்லை. பதினான்கு, பதினைந்து.